வட்டி குறைந்தது, வீடு கிட்டியதா?

வீடு வாங்கக் கடன் தருகின்றோம் என்று வைப்பகங்கள் தெருத்தோறும் கூவியழைக்கின்றன. வட்டி குறைந்துவிட்டது என்று ஆள்வோர் மார்தட்டுகின்றனர். ரிசர்வ் வங்கி எனப்பெறும் இந்தியச் சேம வைப்பகம், பிற வைப்பகங்களுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை 2025-ஆம் ஆண்டில் மட்டும் 6.50 விழுக்காட்டினின்று 5.25 விழுக்காடாகக் குறைத்தது உண்மையே. இதனால் வீடில்லா எளியவன் வீடுடையவன் ஆவான் என நம்புவோர் நம்மிடையும் உளர். அந்நம்பிக்கையைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒருவன் 40 இலக்கம் உருபாவை 9 விழுக்காட்டு வட்டிக்கு 20 ஆண்டுக் கடனாகப் பெறுகின்றான். திங்கள்தோறும் ஏறத்தாழ 36,000 உருபா கட்டல் வேண்டும். முடிவில் அவன் கட்டியிருப்பது 86 இலக்கத்திற்கும் மேல்! ஒரு வீட்டை வாங்கி, இரு வீட்டிற்கு விலை கொடுத்தான் என்க. வட்டி 8 விழுக்காடாயின் தவணை 33,500 அளவில் நிற்கும்; 2,500 மிச்சமென்று மகிழ்கின்றான். ஆனால் விற்பவனும் கணக்கறிந்தவனே. அதே 36,000 உருபாத் தவணைக்கு இப்பொழுது 43 இலக்கம் கடன் கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியாதா? வாங்க வருவோர் அனைவர்க்கும் மூன்று இலக்கம் கூடுதலாகக் கிடைக்கையில், மனையின் அளவோ ஓரங்குலமும் கூடாதிருக்கையில், விலை எங்ஙனம் நிற்கும்? செங்கல்லைக் கூடுதலாகச் சுடலாம். நிலத்தைச் சூளையிலிட்டுச் சுட்டெடுக்க இயலுமோ?

வட்டியும் நிலையானதன்று. 2022 மே திங்களின் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த அதே சேம வைப்பக வட்டி, 2023 பிப்பிரவரியில் 6.50 ஆயிற்று. குறைந்த வட்டியை நம்பி மிகுந்த விலைக்கு வாங்கியவர்க்குத் தவணை கூடிற்று. அல்லது கடன்காலம் நீண்டது. கொடுத்த விலை மட்டும் குறையவில்லை.

இங்கிலாந்து 2013-இல் இதனைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. வாங்குவோன் கையில் 5 விழுக்காடு இருந்தாற் போதும்; புதுவீட்டு விலையில் ஐந்திலொரு பங்கை அரசே கடனாக ஈந்தது. 2016 முதல் இலண்டனில் ஐந்தில் இரு பங்கு! அந்நாட்டு மேலவைக் குழுவொன்று 2022-இல் ஆராய்ந்து, தேவை மிகுந்த வட்டாரங்களில் அரசு தந்த உதவியின் மதிப்பையும் விஞ்சி விலை ஏறியதெனக் கூறிற்று. 2023-இல் அத்திட்டம் முடிந்தது.

அது கண்டும் நடுவணரசு திருந்தவில்லை. 2015-இல் தொடங்கிய வட்டியுதவி 2.67 இலக்கம் வரை சென்றது. அது முடிந்தபின், 2024-இல் 1.80 இலக்கம் வரையிலான வட்டியுதவி மீண்டும் அறிவிக்கப்பெற்றது. பழைய வருமானவரி முறையிலோ, ஆண்டுக்கு 2 இலக்கம் வரையிலான வீட்டுக்கடன் வட்டிக்கு வரிக்கழிவு உண்டு. 30 விழுக்காடு வரிகட்டும் செல்வனுக்கு அதனால் 60,000 உருபா மிச்சம். வரிகட்டும் அளவிற்கு வருவாயே இல்லாத கொத்தனுக்கும் சித்தாளுக்கும் ஒரு காசும் இல்லை. வீட்டைக் கட்டுவோர் இவரே என்பதை இங்கு நினைவூட்டத்தான் வேண்டுமோ?

தவணை தவறினால் என்னாகும்? 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, வழக்குமன்றம் ஏறாமலே வைப்பகம் அடைமான வீட்டைக் கைப்பற்றலாம். இதற்கு இசைந்து தமிழன் கையொப்பமிடும் ஆவணமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. காட்டிய இடத்திலெல்லாம் ஒப்பமிட்டு வருகின்றான். எதற்கு இசைந்தான் என்பதை வீடு பறிபோகும் நாளில்தான் அறிகின்றான்.

வட்டியுதவிக்கு ஒதுக்கும் பணத்தைக் கொண்டு அரசு நிலத்தில் வீடுகள் கட்டி, ஊதியத்திற்கேற்ற குடிக்கூலிக்கு விடுக. அவற்றை எக்காலத்தும் விற்காதிருக்க. தமிழ்நாட்டில் 1961 முதல் வீட்டுவசதி வாரியம் இருக்கின்றது. புதிதாக ஒன்றைத் தோற்றுவிக்கவும் வேண்டா. அடைமான ஆவணங்கள் தமிழில் தரப்பெறல் வேண்டும். கடன் வாங்கப் புகும் நம் இளைஞர், திங்கள் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்டு மீளற்க. இருபது ஆண்டில் மொத்தம் எவ்வளவு, வட்டி 2 விழுக்காடு ஏறினால் எவ்வளவு என்பவற்றைத் தமிழில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன்பின் ஒப்பமிடுக.