விடுமுறையை முன்கூட்டியே சொல்லுங்கள்

சீனத்திலிருந்து மோட்டார்களும் மின்னணுச் சாமான்களும் தருவிக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைக்காரர்கள், சீனப் புத்தாண்டுக்கு அங்குள்ள ஆலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்களாதலால், சரக்கு முன்னதாகவே கப்பலேறும்படி ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். தேதிகளைப் பற்றி அவர்களுக்குச் சந்தேகமில்லை. 2025-ஆம் ஆண்டுப் புத்தாண்டுக்கு ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை ஓய்வென்றும், அதற்கு ஈடாக ஜனவரி 26 ஞாயிறும் பிப்ரவரி 8 சனியும் வேலை நாட்களென்றும் 2024 நவம்பரிலேயே பெய்ஜிங் சர்க்கார் பிரகடனம் செய்துவிட்டது. ஞாயிறன்று வேலைக்குப் போவதில் அந்நாட்டு மக்களுக்கும் அதிருப்தி உண்டு. ஆயினும் ஊருக்குப் பிரயாணப்படுகிறவன் எந்த நாளில் புறப்பட்டு எந்த நாளில் திரும்பலாம் என்பதை நிதானமாக யோசிக்க அவகாசம் பெறுகிறான்.

அந்த அவகாசம் நம்மவர்க்கு இல்லை என்பதே என் வருத்தம்.

நம் அரசும் ஆண்டு விடுமுறைப் பட்டியலை முன்னதாக வெளியிடுகிறது. ஆனால் பண்டிகையை ஒட்டிய கூடுதல் விடுமுறை மட்டும் கடைசி நேரத்தில் வருகிறது. 2025 பொங்கலுக்கு ஜனவரி 17 வெள்ளி விடுமுறை, 25 சனி வேலை நாள் என்ற அறிவிப்பு அந்த ஜனவரி மாதத்திலேதான் வெளியாயிற்று. முந்தைய தீபாவளிக்கு நவம்பர் 1 விடுமுறையாகி, நவம்பர் 9 வேலை நாளானதும் இவ்விதமே. ரயில் முன்பதிவோ பிரயாணத்துக்கு அறுபது நாள் முன்பே தொடங்கிவிடுகிறது.

பாடியில் லேத் ஓட்டும் திருநெல்வேலிக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வெள்ளியன்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்ற எண்ணத்தில், நவம்பர் மாதத்துக் காலை எட்டு மணிக்கு, கிரீஸ் படிந்த விரலைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் முயன்று, வியாழன் இரவுக்கு டிக்கெட் எடுத்து வைக்கிறார். அறிவிப்பு வரும்போது ஞாயிறு இரவு வண்டிகளில் வெயிட்டிங் லிஸ்ட் கூட மிஞ்சியிருப்பதில்லை. வயது முதிர்ந்த தாயுடன் இன்னும் மூன்று நாள் இருக்க விரும்பினால், எடுத்த டிக்கெட்டை ரத்து செய்து பணத்தை இழந்து, ஆம்னி பஸ்ஸுக்கு அவர்கள் கேட்கும் தொகையைக் கொடுத்து, விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து குழந்தைகளுடனும் மூட்டைகளுடனும் நகரத்தைச் சுற்றிக்கொண்டு பாடிக்கு வந்து சேர வேண்டும். விடுமுறை அளித்த நல்லெண்ணம் அவரிடம் சேராமலே போகிறது.

தனியார் ஆலைகளுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய விடுமுறைகளோடு சில பண்டிகை நாட்களையும் விதித்திருக்கிறது. தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்காகப் பீகாருக்குப் போகத் துடிக்கும் ஆவடி, பூந்தமல்லித் தொழிலாளிக்கு அது போதாது. பிரயாணத்துக்கே இரண்டு நாள் செலவழிக்கும் அவனுக்கு, ஈட்டு வேலை நாளை முன்பே பேசி முடித்து லீவு கொடுப்பது முதலாளிக்கும் அனுகூலமே. சொல்லாமல் போய்விடும் ஆளால் உற்பத்தி தடைப்படுவதை அவர் தவிர்க்கலாம்.

இதற்குப் புதிய செலவு ஏதுமில்லை. வரும் ஆண்டுப் பட்டியலை வெளியிடும் அதே அரசாணையில், பொங்கல், தீபாவளியை ஒட்டிய கூடுதல் விடுமுறையையும் அதற்கு ஈடான சனிக்கிழமையையும் சேர்த்து அச்சிடும்படி தமிழக அரசை வேண்டிக்கொள்கிறேன்.