ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள்
மினி டிராக்டரின் சாவியைத் திருப்பியும் சத்தமே வரவில்லை என்றால், நம் ஊர்களில் பலர் கீழே நின்றபடியே ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்து இன்ஜினைக் கிளப்பிவிடுகிறார்கள். உயிரைப் பணயம் வைக்கும் பழக்கம் இது. கிளட்ச், கியர், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. ஆகியவற்றோடு இணைந்த பாதுகாப்பு சுவிட்சுகளுக்கு அப்போது வேலையே இல்லை. வண்டி கியரில் கிடந்தால் இன்ஜின் பிடித்த நொடியே பின்சக்கரம் உருளும். அதன் பாதையில் நிற்பவர் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்திருப்பவரேதான். வண்டி கிளம்ப மறுப்பதற்கு அந்த சுவிட்சுகளில் ஒன்று சரியாக அழுந்தாததே காரணமாகவும் இருக்கலாம். எனவே கிளட்சை முழுக்க மிதித்து, கியரை நியூட்ரலில் வைத்து, பி.டி.ஓ.வை விலக்கிவிட்டு மறுபடி சாவியைத் திருப்புங்கள். 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றால் பேட்டரியைப் பாருங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடி, சேஸியில் தளர்ந்த எர்த் வயர் இரண்டும் புதுப் பேட்டரியைக்கூடச் செத்ததுபோல் காட்டிவிடும். பேட்டரி வயர்களைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், தொட்டி வறண்டு நின்ற வண்டி என்றால் பெரும்பாலும் அதுதான். ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கைபம்பை அடியுங்கள். பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், மோட்டார் கருகிவிடும். ஸ்க்ரூ டிரைவர் பழக்கம் ஒழிய, விற்பனையாளர்கள் வண்டியை ஒப்படைக்கும் நாளிலேயே, பூ மாலையும் படமும் முடிந்த கையோடு, ஓட்டப்போகிறவரை உட்காரவைத்து ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுக் காட்ட வேண்டும். இதை அவர்களின் கடமையாக்கச் சொல்லி விவசாயச் சங்கங்கள் கேட்கட்டும்.