சிதம்பரத்தில் தீர்ந்த கணக்கு

கணித மேதை என்றதும் நம்மவர் ஸ்ரீநிவாஸ ராமானுஜன் பெயரைக் கூறி அத்துடன் நின்றுவிடுகின்றனர். குறிஞ்சிப்பாடியை அடுத்த சிதம்பரத்தில், அண்ணாமலை சர்வகலாசாலையில் 1929 முதல் 1941 வரை ஆசிரியராயிருந்த ஸ்ரீ எஸ். எஸ். பிள்ளையை எத்தனை பேர் அறிவர்?

எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மேற்படாத கூட்டாக எழுதலாமென்று 1770-இல் லாக்ராஞ்ஜ் நிரூபித்தார். அதே ஆண்டில் ஆங்கிலேயரான வாரிங், மேற்படிகளுக்கும் இத்தகைய எல்லை உண்டென்றார், நிரூபணம் தந்தாரில்லை. ஆறாம் படிக்கு அவ்வெல்லை 73 என்று 1940-இல் நிலைநாட்டியவர் நம் பிள்ளையே. இரண்டின் ஆறாம் படி 64. 703 என்ற எண்ணுக்குப் பத்து 64-களும் அறுபத்துமூன்று ஒன்றுகளும், ஆக 73 வேண்டும். எத்துணைப் பெரிய எண்ணுக்கும் அதற்கு மேல் வேண்டுவதில்லை.

1950 ஆகஸ்டில் அமெரிக்காவில் கூடவிருந்த சர்வதேச கணித மகாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் அவர் மாண்டது தேசத்தின் துர்ப்பாக்கியம்.

கூட்டல் அறிந்த சிறுவனுக்கு இக்கணக்கைத் தமிழிலேயே விளக்கலாம். குறிஞ்சிப்பாடியில் தறியோசைக்கிடையே படிக்கும் பிள்ளைகள், உயர்ந்த கணிதம் பிறர் சொத்தென்று அஞ்சுவானேன்? இந்த ஜில்லாவின் ஒவ்வொரு பள்ளியிலும் 703-இன் கணக்கும் அதைத் தீர்த்தவர் பெயரும் கரும்பலகையில் ஏறவேண்டும். உபாத்தியாயர்கள் அரசாங்க உத்தரவுக்குக் காத்திராமல் நாளையே தொடங்குவார்களாக.