இலை இருக்கட்டும், பாக்கு போகட்டும்

வாய் மணக்க வேண்டும் என்று விரும்பாதார் யார்? நேர்முகத் தேர்வுக்குச் செல்பவரும், கருத்தரங்கு முடிந்ததும் பேராசிரியரை அணுகி ஐயம் கேட்பவரும் உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்துக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். எனினும், இதைப் பற்றி வாய்விட்டுப் பேசுவார் இல்லை. நாம் பேசாத இடத்தில் வணிகன் பேசுகிறான். விஜயநகரிலிருந்து மானசகங்கோத்திரிக்கு வரும் வழியில் பெட்டிக்கடைகளைப் பாருங்கள். பளபளக்கும் பொட்டலங்கள் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. வாங்கும் மாணவ நண்பரைக் கேட்டால், “வாய் மணமாக இருக்கிறது, வேறொன்றுமில்லை” என்பார். அந்தப் பொட்டலத்திலே இருப்பதில் பெரும்பங்கு ஏலமும் அன்று, கிராம்பும் அன்று, பாக்கு!

மூலிகையின் பெயரால் பாக்கை விற்கும் இந்தச் சூழ்ச்சிக்கு நாம் இரையாகலாமா என்பதே என் கேள்வி.

முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வயிற்றிலிருந்து என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது வாயிலேயே பிறப்பது. நாக்கின் பின்பகுதியிலும் பல்லிடுக்கிலும் உயிர்வளி எட்டாத இடங்களில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள், உணவிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தைச் சிதைக்கின்றன. அப்போது ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் ஆகிய கந்தக ஆவிகள் எழுகின்றன. முன்னதை நாம் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே அழுகிய முட்டை மணமாக அறிவோம். இந்த ஆவிகளுக்கு இயற்கை தந்திருக்கும் பகை உமிழ்நீர். உறக்கத்தில் அது குறைவதால்தான் விடியற்காலையில் எவர் வாயும் மணப்பதில்லை. காலைச் சிற்றுண்டியைத் துறந்து பத்து மணி வகுப்புக்கு ஓடிவரும் நம் விடுதித் தோழர்களின் நிலையும் அதுவே.

ஆகவே மெல்லுதல் என்னும் செயலே பாதி மருந்து. உமிழ்நீர் ஊறுகிறது, வாய் கழுவப்படுகிறது. மீதிப் பாதியைச் செய்வது மெல்லும் பொருளின் எண்ணெய். கிராம்பில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை எண்ணெய் உண்டு. அதில் பெரும்பகுதி யூஜினால். பல் மருத்துவர் அறையில் நம் மூக்கில் ஏறும் மணம் அதுதான். நுண்ணுயிர்களை அடக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால், கிராம்பை மெல்லலாமே தவிர, கிராம்பு எண்ணெயை அப்படியே ஈறில் தடவுவது தகாது, புண்ணாக்கிவிடும். ஏலக்காயில் சினியோலும், சோம்பில் அனித்தோலும் மணம் தருகின்றன. இவை செய்யும் வேலை சிறிது நேரத்துக்கே. அதற்குமேல் எதிர்பார்ப்பது அந்தச் சிறு காய்களுக்கு நாம் இழைக்கும் அநீதி.

பூண்டு ரசத்தின் வழக்கு வேறு. அதன் கந்தகச் சேர்மங்களுள் சில குருதியில் கலந்து, நுரையீரல் வழியே மூச்சில் வருகின்றன. பல்லை எவ்வளவு தேய்த்தாலும் அவை போகா. பச்சைப் புதினா இலையையோ பச்சை ஆப்பிளையோ மென்றால் பூண்டின் ஆவிகள் பெரிதும் குறைவதை அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டனர். விடுதிச் சமையற்காரர் புதினாத் துவையலை அரைத்துக் கொடுக்கும்போது முகம் சுளிப்போர் இதை நினைவில் கொள்ளலாம்.

இனி வெற்றிலைக்கு வருவோம். மைசூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. நஞ்சன்கூடு சாலைப் பக்கத்துக் கொடிக்கால்களில் விளையும் இலை அது. மென்மையும் காரமும் ஒருங்கே உடையது. அதிலுள்ள ஹைட்ராக்சிசாவிகால் வாய் நுண்ணுயிர்களை எதிர்ப்பதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கின்றனர். இலையின் மேல் எனக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும் தோழனோடுதான். தமிழில் ‘வெற்றிலைபாக்கு’ என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். கன்னடத்தாரும் ‘எலெ அடிகெ’ என்று சேர்த்தே சொல்கின்றனர். நம் பழைய ‘அடைக்காய்’க்கு அந்த ‘அடிகெ’ உறவுச்சொல். நாவில் ஒட்டிய இரண்டையும் அறிவு பிரித்தாக வேண்டும்.

ஏன் பிரிக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை கலந்த தாம்பூலம் புற்றுநோய் தருவது என்று 1985-இல் அறிவித்தது. “புகையிலைதானே குற்றவாளி, பாக்கு நிரபராதி” என்று பலர் ஆறுதல் கொண்டனர். 2004-இல் வெளியான அறிக்கையில் அந்த ஆறுதலும் போயிற்று. புகையிலை இல்லாத தாம்பூலமும், தனிப் பாக்குமே புற்றுநோய்க் காரணிகள் என்று அது உரைத்தது. பாக்கிலுள்ள அரிகோலின் வாயின் உள்தோலுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. கன்னம் இறுகுகிறது; காரம் பட்டால் எரிகிறது; வாய் திறப்பு நாளடைவில் குறுகுகிறது. இரண்டு விரல்கூட நுழையாத வாயோடு மருத்துவமனைக்கு வரும் இளைஞர்கள் உண்டு. இந்நோய் முற்றினால் சிலருக்குப் புற்றாகிறது. வாய் மணக்கப் போய் வாயே திறவாமற் போவதா!

கருநாடக அரசு 2013-இல் குட்காவைத் தடை செய்தது. அதன் பின் பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று பிரித்து விற்கும் தந்திரம் நாடெங்கும் பரவிற்று. பான் மசாலாவை மெல்லுவது உடல்நலத்துக்குக் கேடு என்று அந்தப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். உடலுக்குக் கேடு என்று நெற்றியில் எழுதிக்கொண்ட பொருள், மணப்பொருள் என்று எப்படி நம் சட்டைப் பையில் புகுந்தது?

“தாம்பூலம் நம் பண்பாடு; கண்ணகியே கோவலனுக்கு அளித்தாள்” என்பார் சிலர். உண்மை. ஆனால், தாம்பூலத்துக்கு மணமூட்ட நம் முன்னோர் பஞ்சவாசம் என்று ஐந்து பொருள்களை வகுத்தனர். இலவங்கமும் சாதிக்காயும் கர்ப்பூரமும் தக்கோலமும் அவற்றுள் அடங்கும். பாக்குக்கு அந்த ஐந்தில் இடமில்லை! மணத்துக்காக மெல்லுகிறேன் என்பவர் அந்தப் பட்டியலைப் பின்பற்றட்டுமே. இன்னொரு மறுப்புக் கனமானது: இந்தியாவில் பாக்கு மிகுதியாக விளைவது நாம் வாழவந்த இந்தக் கருநாடகத்தில்தான். சிவமொக்கா, தட்சிண கன்னடப் பக்கங்களில் எத்தனையோ குடும்பங்களின் உலை அதனால் கொதிக்கிறது. அவர்களுக்கு மாற்றுப் பயிரும் அதற்கான உதவியும் காட்டுவது அரசின் கடமை. அதுவரை மாணவர் கன்னங்களைக் கொண்டு அந்தச் சந்தையைத் தாங்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

ஒன்றை மட்டும் மூலிகைப் பற்றுடையோர்க்குச் சொல்ல வேண்டும். நாக்கை வழித்து, பல்லிடுக்கைத் துலக்கி, நீர் அருந்தியும் நாற்றம் வாரக்கணக்கில் நீங்காவிடில், கிராம்பை மேலும் மேலும் அடக்கிக்கொண்டிருப்பது பிழை. ஈறு நோயோ, தொண்டைச் சதையில் அழற்சியோ இருக்கலாம். பழுத்த பழம் போன்ற மணம் மூச்சில் வந்தால் கட்டுப்படாத நீரிழிவின் அடையாளமாகலாம். அப்போது செல்ல வேண்டிய இடம் மருத்துவர் வீடே அன்றி மளிகைக்கடை அன்று.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் சிறியது. பொங்கல் விழா விருந்து முடிந்து வெளிவரும்போது வாயிலில் வைக்கும் தட்டில் இவ்வாண்டு சீவலும் சுண்ணாம்பும் வேண்டா. மைசூர் வெற்றிலை இருக்கட்டும். அதன்மேல் ஒரு கிராம்பு, ஓர் ஏலம், ஒரு சிட்டிகை சோம்பு. ஏலக்காய் விற்கும் விலையில் இது நடவாது என்று பொருளாளர் சொல்வார். சரி, ஏலத்தை விட்டுவிடுவோம். சோம்பைச் சற்றுத் தாராளமாக வைக்கச் சொல்வோம்.