பிறந்தவர் கொடுக்கும் நாள்

பிறந்ததில் என்ன சாதனை இருக்கிறது, விழா எடுக்க? எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருந்து வந்தவர்களும் இப்படிக் கேட்டுப் பிறந்தநாளை ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. கேக்கும் மெழுகுவத்தியும் நமக்கு எதற்கு என்பது இன்னொரு தரப்பின் கேள்வி. இரு தரப்பும் கொண்டாட்டத்தையும் அன்பளிப்பையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். முடிச்சை அவிழ்த்துவிட்டுப் பார்க்கலாம். கொண்டாட்டம் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அன்பளிப்பைப் பற்றித்தான் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

1971இல் இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்துபோயின. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கு. அந்த அச்சத்தில் குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிட்டார்கள். தவிட்டுக்கு விற்று, அதே தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பிச்சை என்று கூப்பிட்டார்கள். மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. முந்தைய பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த பெற்றோர், இந்தப் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் தங்கிவிட வேண்டும் என்ற பதைப்பில் வைத்த பெயர்கள் அவை. ஆண்டு நிறைவுக்கு மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டதன் பொருள் ஒன்றுதான்: பிள்ளை தங்கிவிட்டது. அறுபதில் திருக்கடையூருக்குப் போய் மணிவிழா நடத்துவதும் அந்த வழியில் வந்ததுதான். நாடு விடுதலை பெற்றபோது சராசரி ஆயுளே முப்பத்திரண்டு வயதை ஒட்டித்தான் இருந்தது. அறுபதைத் தொட்டவரை ஊரே அதிசயமாகப் பார்த்ததில் வியப்பில்லை.

2020இல் அந்த 129 நாட்டளவில் 28 ஆகக் குறைந்திருந்தது. தமிழ்நாட்டில் அன்று 13தான். தடுப்பூசியும் சத்துணவும் கிராம சுகாதாரச் செவிலியர்களின் நடையும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளில் இத்தனை பேருடைய உழைப்பு கூடி நிற்கிறது. அதைச் சாதனை என்று சொல்ல நாங்கள் தயங்கவில்லை.

பெண்பிள்ளை என்றால் கொண்டாட இன்னும் அழுத்தமான காரணம் உண்டு. உசிலம்பட்டி, சேலம், தருமபுரி வட்டாரங்களில் பிறந்த பெண் சிசுக்கள் கொல்லப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. 1992இல் அரசே தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பிழைத்தவர்களிலும் பலருக்குப் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயர். அந்தப் பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலும் ரேஷன் அட்டையிலும் சுமந்துகொண்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது. அதே வட்டாரத்து பேக்கரி ஒன்றில், மகளின் பெயரைக் கேக்கில் பிழையில்லாமல் எழுதச் சொல்லி ஒரு தகப்பன் நிற்பாரானால், கேக் மேற்கத்தியப் பண்டம் என்று அவரிடம் போய்ச் சொல்ல எங்களுக்கு மனம் வராது.

பிறந்த தேதியே தெரியாத தலைமுறை ஒன்றும் நம்மோடு இருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969இல். அது ஊர்க்கோடி வரை போய்ச் சேர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. தலைக்கு மேலே கையை வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயதென்று தலைமையாசிரியர் ஒரு தேதி எழுதிக்கொள்வார். இன்று பேரப்பிள்ளைகள் சான்றிதழில் உள்ள அந்தத் தேதியில்தான் தாத்தாவுக்குப் போனில் வாழ்த்துச் சொல்கிறார்கள். அவரும் கூச்சத்தோடு மகிழ்கிறார். தேதி சரியா என்று யாரும் ஆராய வேண்டியதில்லை.

இனி அன்பளிப்பு.

பிறந்தநாள் விழா தமிழருக்குப் புதிதில்லை. மன்னனின் பிறந்தநாளைப் பெருமங்கலம் என்று தொல்காப்பியம் புறத்திணையில் வைத்துப் பேசுகிறது. அன்று அரசன் வெண்ணிற உடை உடுத்துவான். வெள்ளணி நாள் என்ற பெயரே உண்டு. பகை தணிந்திருப்பான், சிறையில் உள்ளவர்களை விடுவிப்பான், கேட்டவர்க்குக் கொடுப்பான் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அரசனின் புகழுக்காக நடந்த விழாதான், மறுக்கவில்லை. ஆனாலும் அன்று கொடுக்க வேண்டியவன் பிறந்தவன் என்ற எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது. நம் பள்ளிகளில் இந்த எண்ணம் அண்மைக்காலம் வரை உயிரோடு இருந்தது. பிறந்தநாள் பிள்ளைக்கு அன்று சீருடையிலிருந்து விடுதலை. கலர் டிரஸ் போட்டுக்கொண்டு, கையில் ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலத்தோடு வகுப்பு வகுப்பாகப் போகும். டீச்சருக்கு மட்டும் இரண்டு.

இப்போது நகரங்களிலும் சிறு நகரங்களிலும் பார்ட்டி ஹால் எடுத்து நடக்கும் குழந்தைப் பிறந்தநாட்களில் இது தலைகீழாகிவிட்டது. வருகிற குழந்தை பரிசோடு வரவேண்டும். வந்த குழந்தை வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று ரிட்டர்ன் கிஃப்ட். சென்ற மாதம் அவர்கள் கொடுத்தது பென்சில் பாக்ஸா தண்ணீர் பாட்டிலா என்று பார்த்து, அதற்குக் குறையாமல் இவர்கள் கொடுக்க வேண்டும். வந்த பொருள்களில் பாதி பிரிக்கப்படாமலே பரணில் ஏறி, இன்னொரு வீட்டுப் பிறந்தநாளுக்குப் போகிறது. கொடுத்தவருக்கும் அது தேவையில்லை, வாங்கியவருக்கும் தேவையில்லை. மாதச் சம்பளத்தில் இழுத்துப் பிடித்து நடத்தும் வீடுகளில் இதன் வலி என்ன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் முதலில் நிறுத்துவதில்லை.

கொடுத்தால் திரும்ப வரவேண்டும் என்பது நம் ஊர் அறியாததல்ல. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்து மொய் விருந்தில் நோட்டுப் போட்டு எழுதித்தான் வாங்குகிறார்கள். வாங்கியவர் பின்னால் கொடுத்தவர் வீட்டு விருந்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்கிறார். அந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்கள், வீடு கட்டியவர்கள், மகளைக் கட்டிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வட்டிக்காரனிடம் போகாமல் காத்த ஏற்பாடு அது. கடனைக் கடனென்று எழுதிவைக்கும் நேர்மை அதில் இருக்கிறது. கொடை என்பது எங்கும் ஒரு கடமைக் கயிற்றைக் கட்டுகிறது என்று 1925இல் பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் எழுதினார். பெரியவர்கள் அந்தக் கயிற்றைத் தெரிந்தே கட்டிக்கொள்ளலாம். ஏழு வயதுப் பிள்ளை, தோழியின் வருகையை அவள் கொண்டுவந்த பெட்டியின் அளவைக் கொண்டு எடைபோடப் பழகுவதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

இதைவிட எங்களை வருத்துவது வகுப்பறையில் நடப்பது. ஆரஞ்சு மிட்டாய் இருந்த இடத்தில் இப்போது விலை உயர்ந்த சாக்லெட். சில பள்ளிகளில் வகுப்பு முழுமைக்கும் பேனாவும் டப்பாவும். ஐம்பது பிள்ளைகளுக்கு இவ்வளவு வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? அன்று காய்ச்சல் என்று சொல்லி லீவு போடும். பிறந்தநாள் எப்போது என்று கேட்டால் லீவில் வருகிறது என்று சொல்லும். நமது ஆசிரியர்கள் பலர் இந்தப் பொய்யைக் கேட்டிருப்பார்கள்.

அவர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வீட்டிலிருந்து எதுவும் வரக்கூடாது என்று ஜூன் மாதமே சொல்லிவிடுங்கள். மிட்டாய் டப்பா ஒன்று வகுப்புப் பொதுவில், ஆசிரியர் மேசையில் இருக்கட்டும். அதற்கான செலவைப் பள்ளியோ பள்ளி மேலாண்மைக் குழுவோ ஏற்கட்டும். பெரிய தொகை ஆகாது. பதிவேட்டைப் பார்த்து யார் பிறந்தநாளையும் விடாமல், விடுமுறையில் வருகிறவர்களையும் சேர்த்து, அந்தந்தப் பிள்ளையின் கையில் டப்பாவைக் கொடுங்கள். எல்லோருக்கும் அது கொடுத்துவிட்டு வரட்டும்.