வாசலில் நின்ற ஆட்டக்காரர்

பேஸ்பால் ஆட்டத்தில் மூன்றாம் தளத்தைக் காப்பது லேசான வேலையன்று. வலக்கை ஆட்டக்காரன் மட்டையை ஓங்கி வீசினால் பந்து அந்தத் திசையில்தான் குண்டு போலப் பாயும். அதைக் குனிந்து வாரி, எதிர்க்கோடியிலுள்ள முதல் தளத்துக்கு ஒரே வீச்சில் எறிய வேண்டும்.

இந்த ஸ்தானத்தில் பெரும் பெயரெடுத்தவர் ரே டாண்ட்ரிட்ஜ். 1913-ல் வர்ஜீனியா மாகாணத்து ரிச்மண்ட் நகரில் பிறந்த கறுப்பர். கால்கள் வில்லாக வளைந்தவை. அவற்றினிடையே ரயில் வண்டி போகலாம், பந்து போகாது என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம். இருந்தென்ன? பெரிய லீக் கோஷ்டிகள் அந்நாளில் வெள்ளையருக்கே உரியவை. ஆகவே கறுப்பர்களின் தனி லீக்கில் நூவர்க் ஈகிள்ஸ் கோஷ்டியிலும், பிறகு பல ஆண்டுகள் மெக்ஸிகோவிலும் ஆடிப் பிழைத்தார். சுதந்தரத்தைப் பற்றி உலகுக்கு உபதேசம் செய்யும் தேசத்தின் பிரஜைக்கு, நிறம் குறுக்கிடாத மைதானம் அயல்நாட்டில்தான் கிடைத்தது!

1947-ல் ஜாக்கி ராபின்ஸன் அந்தத் தடையை உடைத்தார். 1949-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் ஸ்தாபனத்தார் டாண்ட்ரிட்ஜையும் எடுத்துக் கொண்டார்கள்; ஆனால், மினியாபொலிஸிலிருந்த தங்கள் கிளைக் கோஷ்டிக்கு. 1950-ல் அந்த லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கே கிடைத்தது. மறு வருஷம் அதே கோஷ்டியிலிருந்து 20 வயது வில்லி மேஸை நியூயார்க்குக்கு அழைத்தார்கள். மேஸ் மகா சமர்த்தர், அதில் ஆட்சேபமில்லை. 37 வயது டாண்ட்ரிட்ஜுக்கோ ஒரு நாளைக்குக்கூட அழைப்பு வரவில்லை. வயதாகிவிட்டதாம்! வயதாகும்வரை வாசலில் நிறுத்தி வைத்தவர்கள் யார்?

1987-ல் கூப்பர்ஸ்டவுன் கீர்த்தி மண்டபத்தில் அவருக்கு இடமளித்தார்கள். கறுப்பர்களின் பழைய லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று நிர்வாகிகள் ஒப்புக்கொண்டது 2020-ல். டாண்ட்ரிட்ஜ் காலமாகி அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.