படத்துக்குள் பூட்டப்பட்ட எச்சரிக்கை

கனமழை நாளில் மாவட்டங்களுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என நிறம் தீட்டிய வரைபடம் இணையத்தில் வருகிறது. படத்தை விவரிக்கும் மாற்று உரை இல்லாமல் ஏற்றப்பட்டால், திரைவாசிப்பான் வழியே அதை அணுகும் பார்வையற்றவருக்குக் கேட்பது ‘படம்’ என்ற சொல் மட்டுமே. சில நேரம் பொருளற்ற கோப்புப் பெயர். நிறக்குறைபாடு உள்ளவர்களில் பலருக்கோ சிவப்பும் பச்சையும் பிரிந்தே தெரியாது. உயிர் காக்க வேண்டிய செய்தி அதற்கு உரியவர்களைச் சென்று சேராமலேயே போகிறது.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். படத்துக்கு ஈடான உரை தர வேண்டும் என்பது, 1999இல் வெளியான உலகளாவிய இணைய அணுகல் நெறிகளிலேயே முதல் விதி. மின்னணு ஊடக உள்ளடக்கம் அனைவரும் அணுகும் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது.

ஆனாலும் ‘மழை வரைபடம்’ என்று இரண்டு சொல் எழுதிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கும் பழக்கம் இருக்கிறது. ஒரு புகைப்படத்துக்கு ஒரு வரி போதும். பட்ஜெட் வரைபடத்துக்கோ நோய்ப் பரவல் கோட்டுக்கோ அது போதாது. எந்த ஆண்டில் ஏறியது, எங்கே சரிந்தது, எந்த மாவட்டம் முதலிடம் என்பதைச் சில வாக்கியங்களில் சொல்ல வேண்டும். கீழே முழு அட்டவணையும் வேண்டும். நேரமில்லை, செலவாகும் என்ற சமாதானத்தை ஏற்க முடியாது. புள்ளிவிவர வரைபடம் எதுவானாலும் அட்டவணையிலிருந்துதான் பிறக்கிறது. கையில் இருக்கும் அந்த எண்களைப் படமாக்கிய பிறகு ஒளித்துவைக்காமல், கூடவே வெளியிட்டால் பாதி வேலை முடிந்தது. செயற்கை நுண்ணறிவு விவரித்துவிடும் என்று விட்டுவிடுவதும் ஆபத்து. எண்ணைத் தவறாகப் படித்தால், கேட்பவர் அதைச் சரிபார்க்க வழியே இல்லை.

விளக்கம் எழுதும் பொறுப்பு தளத்தைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரருடையது அல்ல. தரவின் பொருள் தெரிந்த துறை அதிகாரிதான் எழுத வேண்டும். அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விடாமல் கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த விதிகளில் இது வெளிப்படையாக இடம்பெற வேண்டும்: விளக்கமும் அட்டவணையும் இல்லாத வரைபடத்தை எந்த அரசுத் தளமும் ஏற்றக் கூடாது.